கழுவாத நாலு பிளேட்

காலை எட்டு பத்துக்கு மூடி திறக்க மறுத்தது.

புது பாட்டில். உள்ளே கழுவு நீர். உப்பும் தண்ணீரும்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் உப்புத் தண்ணீருக்கும் ஒரு கௌரவம் உண்டு. மூடியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம். அதைத் திருகி உடைத்தால்தான் தரிசனம். கைராசி வலது கையால் திருகினாள். இடது கையால் திருகினாள். பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் திருகினாள். மூடி அசையவில்லை. அசைந்தது அவள் மணிக்கட்டுக்குள் எதுவோ. அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினோரு வருஷமாக அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கட்டடத்தில் அவள் கைராசி. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வளர்க்கும் செல்கள் சனி ஞாயிறு விடுமுறைக்குள் செத்துப்போகும். இவள் தொட்ட பிளேட்டில், செல் வளர்க்கும் அந்தச் சின்னத் தட்டில், மட்டும் தளதளவென்று நிற்கும். விஞ்ஞானிகள் ராசியை நம்புவதில்லை. முக்கியமான பிளேட் என்றால் மட்டும், "எதுக்கு வம்பு, அவளையே போடச் சொல்லு" என்பார்கள்.

அந்தக் கை இரண்டு வருஷமாக அவள் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடங்கினால் நிமிராது. கணுக்கள் இஞ்சித் துண்டு மாதிரி புடைத்திருக்கும். பத்தரை மணிக்கு மேல் மெல்ல இளகும். அதற்குப் பிறகு அவள் பழைய கைராசிதான்.

ஊரின் மறுகோடியில், தெரிந்த முகம் எதுவும் வராத ஒரு கிளினிக்காகப் பார்த்துப் போனாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார்.

"உடம்புல காவலுக்கு நிக்கிற செல்லுங்களே மூட்டுக்குள்ள புகுந்து அடிக்குதும்மா. வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுவாங்களே, அந்தக் கதை."

கைராசி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கதையை ஆராய இரண்டு மாடி கட்டியிருக்கிறார்கள், இரண்டு மாடிக்கும் செல் வளர்த்துக் கொடுப்பது நான்தான் என்று சொல்லவில்லை.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆபீஸ் வேலை, டாக்டர்."

காரணம் இருந்தது. அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கப்படுவது. அதற்கு ஒரு படிவம். படிவத்தில் பதினாலாவது கட்டம்: கைவேலைக்குத் தடையாகும் நோய் ஏதும் உண்டா? கண்ணாடிக் குடுவை கழுவும் அறையில் ஒரு அண்ணன் இருந்தார். நாணயமானவர். முதுகுவலி உண்டு என்று எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து அவர் முதுகுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கைராசி இரண்டு வருஷமும் 'இல்லை' என்று எழுதினாள். எழுதும்போது பேனா இரண்டு தடவை விழுந்தது.

மூடிகளுக்கு அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பழைய ரப்பர் பட்டை ஒன்றை வெட்டி, ஒரு மரப்பிடியில் சேர்த்து, சுருக்கு மாதிரி செய்து கொடுத்திருந்தார். மூடியில் மாட்டி இழுத்தால் எந்த மூடியும் கழன்று வரும். அது அவள் கைப்பையிலேயே இருக்கும். அன்றைக்குக் கைப்பையின் ஜிப்பைத் திறக்க விரல் வரவில்லை. ஜிப் இல்லாத துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூடி திறக்கும் கருவி, திறக்க முடியாத பையில் வீட்டில் இருந்தது.

பக்கத்து அறையில் ஆள் இருந்தது. கேட்டால் ஒரு நொடியில் திறந்து தருவார்கள். மதியச் சாப்பாட்டுக்குள், "கைராசியால ஒரு மூடியத் திறக்க முடியலையாமே" என்று கட்டடத்தின் எல்லா மூடியும் திறந்துவிடும்.

கேட்கவில்லை.

*

இங்கே கழுவுதல் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். இரண்டு பெரிய மனிதர்களின் வாழ்க்கை அதில்தான் இருந்தது.

முடக்குவாதத்தில் முழங்கால் கெட்டுப்போய் மாற்று மூட்டு வைத்துக்கொள்பவர்கள் உண்டு. வெட்டி எடுத்த சவ்வு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் இந்தக் கட்டடத்துக்கு வரும். கைராசி அதை நறுக்கி, கரைத்து, பன்னிரண்டு பிளேட்டில் ஊற்றி, இன்குபேட்டர் பெட்டியில் உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்பாள். மறுநாள் பார்த்தால் செல்கள் இரண்டு சாதியாகப் பிரிந்திருக்கும். மூட்டின் உறையைக் கட்டி நிறுத்தும் மூட்டு செல்கள் பிளேட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். காவல்கார எதிர்ப்பு செல்கள் பெரும்பாலும் மேலே மிதக்கும். கழுவு நீர் விட்டு அலசினால் மிதப்பது வந்துவிடும். மிதந்தது குழாயில் மேல்மாடிக்கு. ஒட்டியது பிளேட்டோடு கீழ்மாடிக்கு.

மேல்மாடி ஒரு பேராசிரியர். எல்லாருக்கும் மாடி சார். இருபத்திரண்டு வருஷமாக எதிர்ப்பு செல்தான் குற்றவாளி என்று நிரூபித்து வருபவர். மூட்டு செல்லை அவர் குப்பையில் கொட்டச் சொல்வார்.

கீழ்மாடி ஒரு பேராசிரியை. எல்லாருக்கும் கீழ் மேடம். பத்தொன்பது வருஷமாக மூட்டு செல்தான் குற்றவாளி என்று நிரூபித்து வருபவர். எதிர்ப்பு செல்லை அவர் சாக்கடையில் ஊற்றச் சொல்வார்.

இரண்டு பேரும் நிரூபித்துவிட்டார்கள். பல தடவை.

இதற்கு மேல் அவர்கள் சம்பந்திகள். மாடி சாரின் பையன் கீழ் மேடத்தின் பெண்ணைக் கட்டியிருந்தான். கல்யாண வரவேற்பில் சார் மைக்கைப் பிடித்து, "எங்க சம்பந்தியம்மா இத்தனை வருஷமா ஆராயறது செவுத்தை. சண்டை நடக்கிறது உள்ளே. செவுரு பாவம், அது என்ன பண்ணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் மைக்கை வாங்கி, "திருடன் வந்தான் போனான்னு மட்டும் பாக்குறவருக்குக் கதவைத் திறந்து விட்டது யாருன்னு தெரியாது" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நின்றது பேச்சு. மூன்று வருஷம் ஆகிறது. மகனும் மருமகளும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கவில்லை.

இரண்டு மாடிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கைராசி வழியாக நடந்தது. கழுவு நீரும் அவள்தான், தூதும் அவள்தான்.

குழாய் எட்டரைக்கு மேலே போக வேண்டும். அதோடு ஒரு தாள் போகும், அதன் நகல் கீழே நிற்கும். தாளில் பன்னிரண்டு கட்டம். பன்னிரண்டு பிளேட்டும் கழுவியதற்குப் பன்னிரண்டு டிக். ஒரு டிக் குறைந்தாலும் மாடி சார் குழாயை வாங்க மாட்டார். கீழே தன் செல்லைப் பதுக்குகிறார்கள் என்பார்.

பழைய பாட்டிலில் மிச்சமிருந்த நீர் எட்டு பிளேட்டுக்கு வந்தது. கழுவினாள். நாலு பிளேட் நின்றது. புது பாட்டில் நின்றது. மணி எட்டு இருபத்தெட்டு.

பத்தரைக்கு மேல் கழுவிக்கொள்ளலாம் என்று நாலையும் கீழ்மாடி இன்குபேட்டரில், மற்ற எட்டுக்கும் பின்னால் மூலையில் வைத்தாள். தாளில் பன்னிரண்டு டிக் போட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் பொய் டிக். நாலும் மற்ற எட்டைவிட அழகாக விழுந்தது.

பத்து மணிக்கு மேல்மாடி ஃப்ரீசர் நின்றுவிட்டது. மாடி சார் ஆளைவிட்டுக் கூப்பிட்டார். இருபது வருஷத்துச் சரக்கை வேறு ஃப்ரீசருக்கு மாற்றி முடித்துக் கீழே வந்தபோது மணி மூன்று. இன்குபேட்டர் கதவில் கீழ் மேடம் தன் கையெழுத்தோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ஐந்து நாள் திறக்கக் கூடாது.

கைராசியின் விரல்கள் அப்போது நன்றாக மடங்கின. கதவுதான் திறக்காது.

*

ஆறாம் நாள் மேடம் தானே பிளேட்டுகளின் நீரை எடுத்து அளந்தார். வீக்கத்தைக் கிளப்பிவிடும் ஒரு புரதம் உண்டு. அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. அதிகம் இருந்தால் நல்ல மஞ்சள். குறைவென்றால் வெளிறும். எட்டு பிளேட்டின் நீர் வெளிறி நின்றது. நாலு பிளேட்டின் நீர் மஞ்சள் கரைத்த மாதிரி இருந்தது.

"கைராசி! இங்க வா. இது என்ன மஞ்சள்?"

"மஞ்சளா இருக்கு மேடம்."

"அது எனக்கும் தெரியுது. அதே ஆளு, அதே முட்டி, அதே நாள். எட்டு சாதுவா இருக்கு, நாலு கொதிக்குது. பன்னிரண்டும் கழுவினதுதானே?"

தாள் மேஜையில் கிடந்தது. பன்னிரண்டு டிக்.

"தாள்ல இருக்கு மேடம்" என்றாள் கைராசி. தாளில் இருந்தது உண்மைதான்.

மேடத்தின் முகம் பத்தொன்பது வருஷம் பின்னால் போனது. "அப்ப அங்க எதிர்ப்பு செல் ஒண்ணுகூட இல்ல. இது தனியா கொதிக்குது. என் செல்லு. யாரும் தூண்டாமலே!" கொஞ்சம் யோசித்தார். "இது சாதாரண மூட்டு செல் இல்ல. இது தனி ரகம்."

சாயங்காலத்துக்குள் ரகத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் படம் வரைந்தாகிவிட்டது. படத்தில் அந்த ரகத்துக்கு மூக்கும் முழியும் மட்டும்தான் பாக்கி. பெரிய மாநாட்டில் படிக்க மேடம் கட்டுரை எழுதத் தொடங்கினார். அந்த ரகத்தைக் கொல்ல மருந்து தேட வேண்டும் என்று கடைசிப் பத்தியில் கேட்டுக்கொண்டார்.

சேதி மருமகள் வழியாகப் பையனுக்கும் பையன் வழியாக மாடி சாருக்கும் போனது. அவர் கைராசியைக் கூப்பிட்டார்.

"சம்பந்தியம்மா பிளேட்ல பூஞ்சை புடிச்சிருக்கும். போய் நல்லா வெயில்ல காயவைக்கச் சொல்லு."

"பூஞ்சை இல்ல சார். நான் பாத்தேன்."

"நீ பாத்தியா? நீ எதுக்கும்மா பாக்குற? நீ ஊத்து. நாங்க பாத்துக்குறோம்."

*

அவள் பார்த்தாள். வேறு யாரும் பார்க்காததால் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

அடுத்த சவ்வு வந்தபோது பிசிறுகளைச் சேர்த்துத் தனியே சில பிளேட் போட்டாள். பையில் ரப்பர் பட்டை இருந்தது, மூடி திறந்தது. இந்தத் தடவை கழுவாமல் விட்டதைத் தெரிந்தே விட்டாள். சிலதை ஒழுங்காகக் கழுவினாள். சிலதில் இரண்டு சாதியையும் ஐந்து நாள் ஒன்றாக இருக்கவிட்டு, பிறகு எதிர்ப்பு செல்லைத் துடைத்த மாதிரி அலசி எடுத்துவிட்டு, மூட்டு செல்லை மட்டும் இன்னும் ஐந்து நாள் வைத்தாள். அலசி எடுத்ததைத் தனியே ஒரு பிளேட்டில் ஊற்றி வைத்தாள். மேடத்தின் சோதனைத் தட்டில் ஓரத்து வரிசைகள் எப்போதும் காலியாகப் போகும். அதில் தன் நீரை அளந்துகொண்டாள்.

தனியே விட்ட எதிர்ப்பு செல்கள் இரண்டு நாளில் செத்தன. ஒரு சத்தமும் போடவில்லை. மாடி சாரின் இருபத்திரண்டு வருஷக் குற்றவாளிகள்.

கழுவிய மூட்டு செல்கள் சும்மா கிடந்தன. மேடத்தின் பத்தொன்பது வருஷக் குற்றவாளிகள்.

சேர்த்து வைத்த பிளேட் கொதித்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மேலே மிதக்க வேண்டிய எதிர்ப்பு செல்கள் கோழிக்கடியில் குஞ்சு மாதிரி மூட்டு செல்லுக்கு அடியில் நுழைந்து படுத்திருந்தன. அங்கே அவை சாகவில்லை. இது அதற்குச் சோறு போடுகிறது, அது இதற்குக் கோள் மூட்டுகிறது. சோறு கூடக் கூடக் கோள். கோள் கூடக் கூடச் சோறு.

ஐந்து நாள் கழித்துப் பிரித்த பிளேட்டைத்தான் அவள் கடைசியாக அளந்தாள். எதிர்ப்பு செல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. மஞ்சள் முழுசாகப் போகவில்லை. பாதி நின்றது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ரப்பர் பட்டைக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணும் அதிசயம் இல்லையே" என்றார். "ரெண்டு பேரு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா மாதிரிதான். தனித்தனியா பாத்தா ரெண்டும் தங்கமான ஆளு. மாட்டி அரை மணி ஆச்சுன்னா ஒருத்தன் கத்துவான். அவன் கத்துறான்னு இவன் கத்துவான். நான் போய்க் கதவைத் திறந்ததும் முதல் ஆளு எறங்கிப் போயிடுவான். ரெண்டாவது ஆளு வாசல்ல நின்னு தனியா கத்திக்கிட்டே இருப்பான்."

"யாரைப் பாத்து?"

"என்னைப் பாத்து. வேற யாரு இருக்கா?"

கைராசி சிரித்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். மாத்திரை எடுக்க ஆரம்பித்துப் பத்து மாதம். ரத்தம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். வலி இருக்கிறது என்று இவள் சொல்கிறாள். போன தடவை அவர், "மனசையும் கொஞ்சம் பாத்துக்கணும்மா" என்றார்.

"மாத்திரைக்கு முதல் ஆளு எறங்கிப் போயிட்டான்" என்றாள். "ரெண்டாவது ஆளு இங்க நிக்கிறான்."

அவர் செதுக்குவதை நிறுத்தினார். "அப்ப உங்க பெரிய மனுஷங்ககிட்ட சொல்லிடேன்."

"சொன்னா ஏன் கழுவலன்னு கேப்பாங்க."

"மறந்துட்டேன்னு சொல்லு."

"மறந்துட்டேன்னா தப்புன்னு எழுதிக் குப்பையில போடுவாங்க. அதோட முடிஞ்சுது. அந்தம்மா இல்லாத ரகத்துக்கு மருந்து தேடுவாங்க. அவரு பூஞ்சைக்கு வெயில் தேடுவாரு. நான் இன்னும் எத்தனை வருஷம் பத்தரை மணிக்குக் காத்துக்கிட்டு இருக்கிறது?"

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும்."

"போகும்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க, உங்ககூட வந்து லிஃப்ட் துடைக்கிறேன்."

"பட்டன் அமுக்கவே உன்னால ஆகாதேடி" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவர் மறுபடி பிடியைச் செதுக்கத் தொடங்கினார்.

*

கட்டுரை போக ஒரு தடை இருந்தது. சவ்வு இரண்டு மாடிக்கும் பொது. அதனால் மாடி சாரின் கையெழுத்தும் வேண்டும். மேடம் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கடிதம் அனுப்பினார். சார் பதில் அனுப்பினார். பன்னிரண்டு பிளேட்டும் கழுவப்பட்டவை என்று கழுவியவள் கைப்பட எழுதித் தந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

கூட்டம் நடு மாடியில். மேல்மாடியில் நடந்தால் மேடம் வர மாட்டார், கீழ்மாடியில் நடந்தால் சார் வர மாட்டார். நடு மாடியில் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் அறை ஒன்றுதான் காலி. காலை ஒன்பதரை. கைராசி அந்த நேரத்தைக் கேட்டதும், "பதினோரு மணிக்கு வெச்சுக்கலாமா மேடம்" என்று கேட்டுப் பார்த்தாள். "சம்பந்திக்குப் பதினொண்ணுக்கு காபி" என்று பதில் வந்தது.

வரும் வழியில் அலுவலகத்திலிருந்து அவள் கையில் படிவத்தைக் கொடுத்தார்கள். இந்த வருஷத்துப் படிவம். மாலைக்குள் வேண்டும். மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாரும் மேடமும் மேஜையின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் கைராசியைப் பார்த்துப் பேசினார்கள்.

"எழுதிக் கொடும்மா" என்றார் சார். "பன்னிரண்டும் கழுவினேன்னு. உன் கைப்பட. சம்பந்தியம்மா அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கட்டும்."

"சம்பந்தி பேனாவ எடுத்து ரெடியா வெச்சுக்கட்டும்னு சொல்லு" என்றார் மேடம்.

அவள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் இருந்தன. கையில் வெள்ளைக் கையுறை. காலையில் கட்டடத்துக்குள் நுழைந்ததும் மாட்டுவாள், போகும்போதுதான் கழற்றுவாள். சுத்தமான பெண் என்று பெயர்.

பேனாவை எடுக்கவில்லை.

"நாலு பிளேட் கழுவலை" என்றாள்.



"எந்த நாலு?" என்றார் மேடம், தெரிந்துகொண்டே.

"மஞ்சள் நாலு, மேடம். அதுல ரெண்டு செல்லும் சேர்ந்து இருந்துச்சு. தனி ரகம்னு ஒண்ணு இல்ல. நான் திரும்பவும் போட்டுப் பாத்தேன்." கோட்டுப் பையிலிருந்து தன் கணக்குத் தாளை எடுத்து நடுவில் வைத்தாள். படிவமும் கூடவே வந்தது. அதை ஓரமாக வைத்தாள். "எதிர்ப்பு செல் தனியா ரெண்டு நாள்ல செத்துடுது. மூட்டு செல் தனியா சும்மா இருக்கு. சேர்த்தா கொதிக்குது. அஞ்சு நாள் சேர்த்து வெச்சுட்டுப் பிரிச்சா, மூட்டு செல் அதுக்கப்பறமும் தனியா கொதிச்சுக்கிட்டே இருக்கு. பாதி அளவுக்கு."

தாளை எடுக்க இரண்டு கைகள் ஒரே சமயத்தில் நீண்டன. சார் ஒரு ஓரத்தைப் பிடித்தார். மேடம் ஒரு ஓரத்தைப் பிடித்தார். தாள் கிழியாமல் இருந்தது நல்ல தாள் என்பதால்.

"பாத்தீங்களா!" என்றார் சார். நேராக மேடத்தைப் பார்த்து. "என் செல் வந்தப்பறம்தான் உங்க செல்லு வேலையே செய்யுது!"

"உங்க செல்லு ரெண்டு நாளைத் தாண்டி உசுரோட இருக்க என் செல்லு சோறு போட வேண்டியிருக்கு!"

"தூண்டினது யாரு?"

"தாங்கினது யாரு?"

"உங்க பிளேட்ல என் செல்லு இருந்திருக்கு. அப்ப இந்தக் கட்டுரை என்னுது!"

"என் பிளேட்ல இருந்தா அது என் செல்லு!"

"வளத்தது நீங்களா?"

"நீங்க வளத்தீங்களா?"

வளர்த்தவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷப் பேச்சையும் அவர்கள் ஐந்து நிமிஷத்தில் பேசினார்கள். சாரின் காது சிவந்தது. மேடத்தின் மூக்குக் கண்ணாடி இறங்கியது. ஒருவர் குரல் ஏற ஏற மற்றவர் குரல் ஏறியது. இரண்டு பேரையும் பிரித்துத் தனித்தனி மாடியில் வைத்திருந்த கட்டடம் அறிவுள்ள கட்டடம் என்று கைராசிக்குத் தோன்றியது.

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

"இரு. தாள்ல டிக் இருக்கே" என்றார் மேடம்.

"பன்னிரண்டு டிக்" என்றார் சார்.

"கழுவாம கழுவினேன்னு டிக் போட்டிருக்கா."

"எனக்கு அனுப்பின தாள்லயும் அதே டிக். சம்பந்தியம்மா, இது சின்ன விஷயம் இல்ல."

"சின்ன விஷயமா? இவ பேச்சை நம்பி நான் ஒரு ரகத்துக்கே பேரு வெச்சுட்டேன் சம்பந்தி."

கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். மேஜையின் இரண்டு கோடியில் இருந்த நாற்காலிகள் எப்போது பக்கத்தில் வந்தன என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம்.

"ஏன் கழுவலை?" என்றார் சார். "பதினோரு வருஷமா கழுவுறே. அன்னிக்கு மட்டும் என்ன?"

மணி பத்து ஆகவில்லை.

"மூடி திறக்கலை சார்."

"என்ன மூடி?"

"புது பாட்டில் மூடி."

மேடம் சிரித்துவிட்டார். "ஒரு பாட்டில் மூடியத் திறக்க முடியலையா? இதை எழுதினா மாநாட்டுல எவனாவது நம்புவானா? வேற காரணம் சொல்லு. நம்புற மாதிரி சொல்லு."

"சோம்பல்" என்றார் சார். "அதுக்கு ஒரு மூடி மேல பழி."

கைராசி வலது கையுறையின் விரல் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். வந்தது. இடது கையுறைக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர்கள் காத்திருந்தார்கள். சோம்பல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பவர்கள் மாதிரி.

இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தாள். நேராக வைக்கத்தான் பார்த்தாள். விரல்கள் சாய்ந்து, சுண்டுவிரல் பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டன. கணுக்கள் சிவந்து பளபளத்தன.

சார் முன்னால் குனிந்தார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நாற்பத்தொரு வருஷத்து அனுபவம் இரண்டு பேருக்கும் சேர்த்து. அதில் நகக்கண் அளவுத் துண்டுகளாக எத்தனையோ மூட்டைப் பார்த்திருந்தார்கள். சாயம் ஏற்றிய ஊதா நிறத்தில், ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருந்தார்கள். மனுஷியோடு சேர்ந்து, பெரிதாக்காமல், பிப்பெட் நீட்டிய கையாக, காபி கொண்டுவந்த கையாக, தினம் எதிரில் வந்துபோனதாக இப்போதுதான் பார்த்தார்கள்.

மேடத்தின் விரல் ஒரு கணுவைத் தொடப் போய், பாதியில் நின்றது.

கைராசி ஓரத்தில் கிடந்த படிவத்தை முழங்கையால் தள்ளி அவர்கள் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் தள்ளினாள். அது உருண்டு போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"பதினாலாவது கட்டத்துல என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல சார். இதைப் பத்தித் தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல நீங்க ரெண்டு பேருதான். என்னன்னு எழுதலாம், மேடம்?"